ஒரு கிராமச் சாலை அகலமாவதற்கு முன்: வரைபடமும் அனுமதிகளும்

திண்டுக்கல் மாவட்டம் நத்தம் வட்டாரத்தில் சுமார் 6 கிலோமீட்டர் நீளமுள்ள ஊராட்சி ஒன்றியச் சாலை அது. அதை நெடுஞ்சாலைத் துறையின் சாலை வகைகளில் ஒன்றான இதர மாவட்டச் சாலையின் தரத்துக்கு உயர்த்த விரிவான திட்ட அறிக்கை (டி.பி.ஆர்.) தயாரித்த குழுவில் வடிவமைப்புப் பொறியாளராக இருந்தேன். இருந்த தார்த்தளம் 3.75 மீட்டர். எதிரெதிரே ஒரு டவுன் பஸ்ஸும் மாங்காய் ஏற்றிய லாரியும் வந்துவிட்டால் ஏதாவது ஒன்று மண்ணில் இறங்கித்தான் வழிவிட வேண்டும். மழைக்காலத்தில் இறங்கிய வண்டி லேசில் ஏறாது. அதனால் 5.5 மீட்டர் இடைவழித்தடமாக (ஒற்றைத் தடத்துக்கும் இரட்டைத் தடத்துக்கும் நடுவிலான அகலம்) அகலப்படுத்தத் திட்டம். கணக்குப் பார்த்தால் இருபுறமும் ஒரு மீட்டருக்கும் குறைவாகக் கூட்டினால் போதும். ஆனால் அந்த ஒரு மீட்டருக்குள்தான் கண்மாய்க் கரை, வரத்துக் கால்வாய்கள், பாட்டன் காலத்துப் புளிய மரங்கள், காப்புக்காட்டின் ஓரம், குடிநீர்க் குழாய், மின்கம்பம், வீட்டு வாசற்படி எல்லாம் இருந்தன.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் இளம் பொறியாளர்களுக்கும், சாலை கேட்டு மனு கொடுத்துவிட்டு ஏன் இவ்வளவு இழுக்கிறது என்று காத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அனுமதி தரும் அலுவலர் என்னென்ன கேட்பார் என்பதைக் கையில் வைத்துக்கொண்டு வரைபடத்தைத் தொடங்க வேண்டும். வரைபடத்தை முடித்துவிட்டு அனுமதிக்கு ஓடினால் சாலையும் கெடும், சுற்றியிருப்பதும் கெடும். பல சாலைகளில் பார்த்துவிட்டேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சுற்றுச்சூழல் அனுமதி என்றதும் பலருக்கும் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பட்டியலில் சாலை என்று வருபவை தேசிய நெடுஞ்சாலைகளும் மாநில நெடுஞ்சாலைகளும்தான். அவற்றிலும் எல்லாம் இல்லை. ஊராட்சிச் சாலையோ இதர மாவட்டச் சாலையோ அதில் வராது. "இ.சி. (சுற்றுச்சூழல் அனுமதி) தேவையில்லை" என்று ஒரே வரி எழுதி அந்த அத்தியாயத்தை மூடிவிடலாம் என்று எங்கள் கூட்டத்திலும் யோசனை வந்தது. சட்டப்படி அந்த வரி சரிதான். ஆனால் அந்த வரிக்கு அப்பால் ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. நீர்நிலைக்கு நீர்வளத் துறை அல்லது ஊராட்சி ஒன்றியம், அரசு நிலத்து மரங்களுக்கு மாவட்டப் பசுமைக் குழு, பனைக்கு மாவட்ட ஆட்சியர், காட்டு நிலத்துக்கு வனத்துறை, கிராவல் மண்ணுக்குக் கனிமவளத் துறை, ஒப்பந்ததாரரின் தார்க் கலவை ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை. மலையை ஒட்டிய கிராமம் என்றால் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் அது இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் இருந்தால் முதல் 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. பாறையும் குகையும் நிறைந்த மதுரை, திண்டுக்கல் பக்கம் இதைப் பார்க்காமல் விடவே கூடாது.

நிலம் யாருடையது

டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியைத் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போகும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் உட்கார்ந்தோம். கிராம வரைபடம், புல வரைபடம், 'அ' பதிவேடு மூன்றையும் எடுத்து, சாலை தொடும் ஒவ்வொரு சர்வே எண்ணையும் அதன் வகைப்பாட்டோடு எழுதினோம். வண்டிப்பாதை, வாய்க்கால், கண்மாய், ஊரணி, மந்தை, நத்தம் (குடியிருப்பு நிலம்), பட்டா, காடு. பிறகு கொடுத்த விண்ணப்பங்கள் எல்லாவற்றுக்கும் இந்த அட்டவணைதான் அடிப்படை. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தையும் அதன்மேல் பொருத்திப் பார்த்தோம். ஓடைகள் எங்கிருந்து புறப்பட்டு எந்தக் கண்மாயில் விழுகின்றன என்பது அதில்தான் தெளிவாகத் தெரியும்.

தரையில் ஓடும் தார்ச்சாலையும் புல வரைபடத்தில் இருக்கும் வண்டிப்பாதையும் பல இடங்களில் பொருந்துவதில்லை. மாட்டுவண்டிக் காலத்தில் வளைந்து போன பாதை, யாரோ ஒரு பெரியவர் தோட்டத்து மூலையை விட்டுக்கொடுத்ததால் நேராகியிருக்கும். விட்டுக்கொடுத்தது வாய் வார்த்தையாக. பட்டாவில் அந்த நிலம் இன்னும் அவர் பேரன் பெயரில் இருக்கும். இதைக் கண்டுகொள்ளாமல் சென்டர் லைன் (சாலையின் நடுக்கோடு) போட்டால், வேலை தொடங்கும் நாளில் பேரன் வந்து நிற்பார். அவர் நிற்பதும் நியாயம்தான். முடிந்த இடங்களில் சென்டர் லைனைப் பழைய வண்டிப்பாதைக்கே நகர்த்தினோம். முடியாத இடங்களில், வரைபடத்தை இறுதி செய்யும் முன்பே பதிவு செய்த ஆவணமாக நிலத்தை வாங்க வேண்டும் என்று டி.பி.ஆரில் தனியாகக் குறித்தோம். ஊர்ப் பொதுக்காரியம் என்றால் நம் மக்கள் தாராளமாகக் கொடுப்பார்கள். அந்தத் தாராளத்தைப் பத்திரத்தில் ஏற்றி வைப்பதுதான் அவர்களுக்கும் மரியாதை.

தண்ணீர் வரும் வழி

இந்தப் பகுதியைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தென் மாவட்டங்களில் எந்தச் சாலையும் வெறும் சாலையாக இருப்பதில்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகும் தண்ணீரைக் குறுக்கே மறித்து நிற்கும் ஒரு கரையும் அதுதான். அதில் நாம் வைக்கும் சிறுபாலங்களின் அகலமும் அடிமட்டமும்தான் கீழே இருக்கும் கண்மாய் நிறையுமா, மேலே இருக்கும் வயல் மூழ்குமா என்பதைத் தீர்மானிக்கும்.

வரைபடத்தில் வடிநிலப் பரப்பை (மழைத் தண்ணீர் வடிந்து வரும் பரப்பு) குறித்துக்கொண்டு, கண்மாய்த் தண்ணீரைத் திறந்து வயல்களுக்குப் பங்கிடும் நீர்பாய்ச்சியைக் கூட்டிக்கொண்டு சாலை நெடுக நடந்தோம். வயதானவர். ஒரு வளைவில் இருந்த பழைய குழாய்ப் பாலத்தைக் காட்டி, "இதுக்குள்ள எவ்வளவு தண்ணி வரும்னு நெனைக்கிறீங்க தம்பி?" என்று கேட்டார். நான் வடிநிலத்தைக் கை காட்டிச் சொன்னேன். அவர் தலையாட்டினார். "அது சாதாரண மழைக்கு. பெருமழை பேஞ்சா மேல இருக்க கண்மாயி கலுங்கு பாயும். அந்தத் தண்ணியும் சேந்து இங்கிட்டுத்தேன் வரும். அந்தக் கருப்பசாமி கோயில் படியப் பாருங்க, ரெண்டாவது படி வரைக்கும் நின்னுச்சு." அந்தப் படியில் லெவல் எடுத்தோம். எந்த அரசுப் பதிவேட்டிலும் இல்லாத உயர்ந்தபட்ச வெள்ள மட்டம் அப்படித்தான் எங்களுக்குக் கிடைத்தது.

நம் பகுதியில் வெள்ள அளவைக் கணிக்க ரைவ்ஸ் சூத்திரத்தைப் பயன்படுத்துவது வழக்கம். வடிநிலப் பரப்பின் மூன்றில் இரண்டு அடுக்கை ஒரு குணகத்தால் பெருக்க வேண்டும். கடற்கரையிலிருந்து எவ்வளவு தூரம், மலையடிவாரமா என்பதைப் பொறுத்துக் குணகம் மாறும். இதை மட்டும் நம்பி நிறுத்தக் கூடாது. சிறுபாலங்களுக்கான இந்திய சாலைக் காங்கிரசின் (ஐ.ஆர்.சி.) வழிகாட்டி எஸ்.பி. 13, வேறு முறைகளிலும் கணக்கிட்டு ஒப்பிடச் சொல்கிறது. வெள்ள மட்டத்தையும் ஓடையின் சரிவையும் வைத்து ஓட்டத்தைக் கணிக்கும் முறை அதில் ஒன்று. கிடைத்தவற்றில் பெரியதை எடுக்க வேண்டும். ஆனால் அது அடுத்த பெரிய எண்ணைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கோடு நிறுத்திக்கொள்ளலாம். நீர்பாய்ச்சி காட்டிய படியின் மட்டம் இந்த இரண்டாவது முறைக்கு அப்படியே பயன்பட்டது. நேரடி வடிநிலத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால் இரண்டு வரிசைக் குழாய் போதும் என்று வந்தது. மேல் கண்மாயின் உபரியையும் சேர்த்தால் பெட்டிப் பாலம்தான் தீர்வு. செலவு கூடியது. கூட்டத்தில் கேள்வியும் வந்தது. படியில் எடுத்த லெவலையும் இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

2023 டிசம்பரில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் குளக்கரைகளும் சாலைகளும் அறுத்துக்கொண்டு போயின. அந்த அளவு மழைக்கு எந்தக் கிராமச் சாலையையும் வடிவமைக்க முடியாது. ஆனால் ஒன்று செய்யலாம். தண்ணீர் மேலேறினால் எந்த இடத்தில் ஏற வேண்டும் என்பதை நாம் தீர்மானித்து, அங்கே மட்டும் சாலையின் மட்டத்தைச் சற்றுத் தாழ்த்தி, கான்கிரீட் தளமும் இருபுறச் சரிவுக்குக் கல் பாவுதலும் கொடுக்கலாம். எங்கள் சாலையில் அப்படி ஓர் இடத்தை ஒதுக்கினோம். கரை தானாக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து உடைவதைவிட இது எவ்வளவோ மேல்.

சிறுபாலத்தின் அடிமட்டம் பற்றி இன்னொன்று. வரத்துக் கால்வாயின் படுகை மட்டத்தைவிடப் பாலத்தின் அடித்தளம் ஒரு சாண் உயர்ந்தாலும் கண்மாய்க்கு வர வேண்டிய முதல் மழைத் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும். தாழ்ந்தால் வண்டல் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். நீர்வளத் துறைக்காரர்கள் தடையின்மைச் சான்று கொடுக்கும்போது இதைத்தான் முதலில் கேட்பார்கள்: கால்வாயின் அசல் படுகை மட்டம் என்ன, பாலத்தின் அடிமட்டம் என்ன, திறப்பின் அகலம் கால்வாயின் அகலத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, நடுவே தூண் வருகிறதா. தூர்ந்துபோன இன்றைய படுகையை அளந்து கொடுத்தால் பதில் தவறாகிவிடும். மேலும் கீழும் நூறு மீட்டராவது போய் லெவல் எடுத்து, பழைய கல் மடை அல்லது கல் பாவிய இடம் எதாவது இருந்தால் அதை வைத்து அசல் மட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பழைய குழாய்ப் பாலத்தை அகலத்துக்காக நீட்டுவதைவிட, விட்டம் போதாது என்றால் எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பதே நல்லது. ஆள் உள்ளே நுழைந்து தூர் வார முடியாத குழாய் இருந்தும் பயனில்லை.

கரைமேல் சாலை

கண்மாய் யாருடைய பொறுப்பு என்பதை ஆயக்கட்டு (அது பாசனம் தரும் நிலப் பரப்பு) சொல்லும். 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். எங்கள் சாலையில் இரண்டு வகையும் இருந்ததால் இரண்டு இடங்களுக்கும் தனித்தனி விண்ணப்பம். 2007-ஆம் ஆண்டின் குளங்கள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. அதனால் கண்மாய் எல்லைக்குள் ஒரு கல் வைப்பதென்றாலும் துறையின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் வரைபடத்தில் காட்டாதீர்கள்.

பெரிய கண்மாயின் கரைமேல் சாலை கொஞ்ச தூரம் ஓடுகிறது. அகலப்படுத்த எளிய வழி, நீர்ப்பக்கம் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி உள்ளே மண் நிரப்புவது. ஒப்பந்ததாரருக்கும் அது வசதி; வெளிப்பக்கம் வயலைத் தொட வேண்டாம். ஆனால் அந்தச் சுவர் கண்மாயின் கொள்ளளவைத் தின்றுவிடும். நாங்கள் அதைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்டு, வெளிச்சரிவுப் பக்கம் அகலப்படுத்தும் வரைபடத்தைப் போட்டோம். பழைய சரிவின்மேல் புதிய மண்ணை அப்படியே கொட்டினால் அடுத்த மழையில் வழுக்கி விழும். பழைய சரிவைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் மண்ணை மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, ஈரப்பதம் பார்த்து ரோலர் ஓட்ட வேண்டும். கரையின் அடியில் கசிவு நீர் வரும் இடங்களில் கல் வடிகட்டியும் வைக்க வேண்டும். மடையின் குழல் கரைக்குக் குறுக்கே போகிறது. கரை அகலமானால் குழலையும் நீட்டியாக வேண்டும். இதை வரைபடத்தில் காட்டாத சாலைகளில், மடைவாய் மண்ணுக்குள் போய்விட்டு விவசாயிகள் மறுபடி சாலையைத் தோண்டுவதைப் பார்த்திருக்கிறேன். கரையின் உச்சி மட்டத்தைச் சாலைக்காக ஒரு அங்குலம்கூடக் குறைக்கக் கூடாது என்பதையும் குறிப்பாக எழுதினோம்.

புளிய மரங்களும் தேவாங்கும்

மரக் கணக்கெடுப்பை வடிவமைப்புக்குப் பிறகு செய்வதுதான் பல இடங்களில் வழக்கம். எந்த மரம் வெட்டுப்படுகிறதோ அதற்கு மட்டும் எண் போடுவார்கள். நாங்கள் மாற்றிச் செய்தோம். சாலை எல்லைக்குள் இருக்கும் எல்லா மரங்களுக்கும் வகை, மார்பளவு உயரத்தில் சுற்றளவு, இடமா வலமா, செயினேஜ் (சாலையின் தொடக்கத்திலிருந்து தூரம்) எல்லாம் பதிந்து வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தோம். அதைப் பார்த்ததும் சாலையின் பாதி பிரச்சினை தீர்ந்தது. பெரிய புளிய மரங்கள் பெரும்பாலும் ஒரு பக்கம். மறுபக்கம் சீமைக்கருவேலமும் சில வேம்பும். இருபுறமும் சமமாக அகலப்படுத்தாமல், 1.75 மீட்டரையும் ஒரே பக்கம் தள்ளிவிட்டால் புளிய மரங்கள் பெரும்பாலும் தப்பிவிடும். வடிகாலையும் மரம் இல்லாத பக்கம் வைத்தோம். வேருக்குப் பக்கத்தில் வடிகால் தோண்டினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு காற்றுக்கு மரம் சாயும்.

நத்தத்தில் புளி என்பது வாழ்வாதாரம். சாலையோரப் புளிய மரங்களின் மகசூலை ஆண்டுதோறும் ஏலம் விடுகிறார்கள். ஏலம் எடுத்தவரின் காலம் முடியும் முன் மரத்தை வெட்ட முடியாது; அவருக்கு நஷ்டம். ஏலத் தேதியைத் தெரிந்துகொண்டு வேலை அட்டவணை போடுங்கள். பனை சில மரங்கள் குறுக்கே நின்றன. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். வளைவை லேசாக மாற்றியதில் அவற்றையும் தவிர்க்க முடிந்தது.

மரக் கணக்கெடுப்பின்போது கூட வந்த வனக் காவலர்தான் தேவாங்கைப் பற்றிச் சொன்னார். திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக 2022 அக்டோபரில் அரசு அறிவித்தது. நாட்டிலேயே தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம். எங்கள் சாலை அதற்கு வெளியே இருக்கிறது. சட்டப்படி சரணாலயத்துக்கான அனுமதி தேவையில்லை. ஆனால் காட்டையும் தோப்பையும் இணைக்கும் ஓர் இடத்தில் இருபுறப் புளிய மரங்களின் கிளைகளும் சாலைக்கு மேலே கை கோத்திருந்தன. "ராத்திரி வந்து பாருங்க சார்" என்றார் வனக் காவலர். போனோம். சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச்சை மேலே அடித்தபோது இரண்டு கண்கள் கனல்போலத் தெரிந்தன. தேவாங்கு மெதுவாக ஒரு கிளையிலிருந்து மறுகிளைக்கு, சாலையின் தலைக்கு மேலாகவே கடந்து போனது. தரையில் இறங்கினால் அதற்கு வண்டியும் நாயும் எமன். கிளை அறுந்தால் அது இறங்கித்தான் ஆக வேண்டும்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு அது. எந்தப் படிவமும் எங்களை இதைக் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, குழுவும் ஒத்துக்கொண்டது. அந்த நீளத்தில் எந்த மரத்தையும் தொடாமல், பேருந்துக்குத் தேவையான உயரத்துக்கு மேலே கிளை வெட்டக் கூடாது என்று வரைபடத்திலேயே குறிப்பு எழுதினோம். ஓரத்துக் கிளுவை வேலியையும் விட்டுவைத்தோம். மரங்கள் தளத்துக்குப் பக்கத்தில் நிற்பதால் விபத்து ஆபத்து உண்டு, அதை மறைக்கக் கூடாது. அதற்காக வேகத்தைக் குறைக்கும் மேடுகள், மரங்களில் ஒளிரும் பட்டைகள், வளைவுக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை என்று செலவுக் கணக்கில் சேர்த்தோம். மரமா உயிரா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: கிராமச் சாலையில் உயிரை எடுப்பது பெரும்பாலும் வேகம்.

காப்புக்காட்டின் ஓரம்

ஓரிடத்தில் சாலை காப்புக்காட்டுக்குள் சில நூறு மீட்டர் நுழைந்து வெளியே வருகிறது. இங்கே அகலப்படுத்தினால் 1980-ஆம் ஆண்டின் (2023-ல் பெயர் மாறிய) வனப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒன்றிய அரசின் ஒப்புதல் வேண்டும். ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பம், நிலத்தின் எல்லையைக் காட்டும் கே.எம்.எல். கோப்பு, காட்டின் நிகர நிகழ்கால மதிப்புத் தொகை, ஈடுசெய் காடு வளர்ப்பு என்று நீளும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2) ஒரு வழி தருகிறது. கிராமத்துக்கான சாலை போன்ற பொது வசதிகளுக்கு, ஒரு பணிக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக நிலம் தேவைப்பட்டு, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல் இருந்தால், கிராம சபையின் பரிந்துரையோடு அனுமதி பெறலாம்.

நாங்கள் இரண்டையும் எடுக்கவில்லை. 1980 அக்டோபர் 25-க்கு முன்பே இருந்த சாலை என்றால், புதிதாகக் காட்டு நிலத்தை உடைக்காமல், அகலப்படுத்தாமல் மேம்படுத்த இடம் உண்டு. பழைய கிராம வரைபடத்தையும் நில அளவைத் துறை வரைபடத்தையும் சான்றாக வைத்து, காட்டுக்குள் மட்டும் அதே 3.75 மீட்டர், காட்டுக்கு முன்னும் பின்னும் வருவாய் நிலத்தில் வண்டி ஒதுங்கி நிற்க இடம் என்று வரைந்தோம். ஊராட்சித் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. "நடுவுல மட்டும் ஒடுக்கமா இருந்தா ஊர் சிரிக்கும் சார்" என்றார். வன அனுமதிக்காக முழுச் சாலையும் காத்திருப்பதா, அல்லது இந்த வருடமே பஸ் நிம்மதியாகப் போவதா என்று ஊர்க் கூட்டத்தில் பேசினோம். அவரே எழுந்து சம்மதம் சொன்னார்.

மண், கல், கிராவல்

அடிமண்ணைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மண்ணின் தாங்குதிறனைச் சொல்லும் சி.பி.ஆர். எண் ஒன்றை மட்டும் வைத்து முழுச் சாலைக்கும் கனம் போடாதீர்கள். கண்மாயோரக் களிமண் நான்கு நாள் தண்ணீரில் ஊறிய பிறகு 3 சதவீதத்தை ஒட்டித்தான் வந்தது. செம்மண் பகுதியில் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். இரண்டுக்கும் தனி வடிவமைப்பு செய்தோம். போக்குவரத்துக் கணக்கெடுப்பை மாங்காய், புளி சீசனிலும் சீசன் இல்லாத காலத்திலும் எடுக்க வேண்டும். குறைந்த போக்குவரத்துச் சாலைகளுக்கான ஐ.ஆர்.சி. எஸ்.பி. 72 சொல்வதும் அதுவே. கல் சரளை அடுக்கைத் தார் விளிம்போடு நிறுத்தாமல் பெர்மின் (தாருக்கு வெளியே உள்ள மண் ஓரத்தின்) வெளி ஓரம் வரை நீட்டுங்கள். இல்லாவிட்டால் உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. ஊருக்குள் கான்கிரீட் தளம் போட்டோம், ஆனால் பழைய தளத்தைத் தோண்டி எடுத்துவிட்டுத்தான். தளத்துக்கு மேல் தளம் போட்டே பல ஊர்களில் வீடுகள் பள்ளத்துக்குள் போய்விட்டன. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தளம் போட வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசே அறிவுறுத்தியிருக்கிறது.

கிராவல்தான் இப்போது பெரிய தலைவலி. சாலை போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுக்க முன் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டாம் என்று 2020 மார்ச்சில் கொடுக்கப்பட்ட விலக்கை, 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சாலைக்கு இ.சி. வேண்டாம் என்றிருக்க, அதற்குப் போடும் மண்ணுக்கு வேண்டியிருக்கலாம் என்ற நிலை வந்தது. விதிகள் அதன் பிறகும் மாறுகின்றன. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் இருக்கும் அறிவிக்கையைக் கனிமவளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி பெற்ற குவாரி எங்கே இருக்கிறதோ அங்கிருந்து வரும் தூரத்தையே மதிப்பீட்டில் போடுங்கள். பக்கத்துப் புறம்போக்கில் அள்ளிக்கொள்ளலாம் என்று குறைந்த தூரம் போட்டால், ஒப்பந்ததாரர் இரவில் கண்மாய்க்குள் பொக்லைன் இறக்குவார். அதற்கு வழிவிட்டது நம் மதிப்பீடுதான் என்று ஆகிவிடும்.

தேதிகளும் மதிப்பீடும்

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானம் எதற்காவது தேவை என்றால் இந்தத் தேதிகளை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, சாலை வரைபடத்தைப் பெரிய தாளில் தமிழில் எழுதிக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டி விளக்குங்கள். எங்கள் கூட்டத்தில் பெண்கள்தான் அதிகம் கேட்டார்கள். குடத்தோடு சாலையைக் கடக்கும் இடம், பஸ் நிற்கும் இடத்தில் நிழல், கழிவுநீர் எங்கே போய் விழும். கழிவுநீர் ஊரணிக்குள் விழுவதாக நாங்கள் வரைந்திருந்த வடிகாலைத் திருப்பச் சொன்னதும் அவர்கள்தான். உடனே திருப்பினோம்.

கரையையும் கால்வாயையும் தொடும் வேலைகளுக்கு நீர்வளத் துறை ஒரு நிபந்தனை வைக்கும்: வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடித்தாக வேண்டும். அதனால் டெண்டர் ஆகஸ்டில் முடிவானால் கரை வேலை அடுத்த கோடைக்குத்தான். இதை ஒப்பந்தத்தில் கட்டமாகப் பிரித்து எழுதாவிட்டால் அக்டோபரில் பாதி வெட்டிய கரையோடு ஊர் தூங்காமல் கிடக்க நேரும்.

எனக்கு இந்த வேலையில் மிக முக்கியமாகப் பட்டது மதிப்பீடு. அனுமதிக் கடிதத்தில் வரும் ஒவ்வொரு நிபந்தனையும் மதிப்பீட்டில் அளவோடும் விலையோடும் ஓர் ஐட்டமாக இருக்க வேண்டும். மடைக் குழல் நீட்டிப்பு இத்தனை மீட்டர், கால்வாய்ப் படுகையைச் சீர்செய்தல் இத்தனை கனமீட்டர், எச்சரிக்கைப் பலகை இத்தனை. ஐட்டமாக இல்லாத நிபந்தனைக்கு ஒப்பந்ததாரர் பணம் கேட்க முடியாது; பணம் இல்லாத வேலையை யாரும் செய்ய மாட்டார்கள். அனுமதிகளை டெண்டருக்கு முன்பே வாங்கிவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். பிறகு வந்தால் திருத்திய மதிப்பீடு, மறுபடி ஒப்புதல், வேலை நிற்கும்.

மரக்கன்றுகளில் இது பளிச்சென்று தெரியும். வெட்டும் ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நட வேண்டும் என்று நிபந்தனை வரும். நடுவதற்கு மட்டும் விலை போட்டால், மழைக்காலத்தில் கன்றை ஊன்றி, புகைப்படம் எடுத்து, பில் வாங்கியதோடு முடிந்துவிடும். நாங்கள் குழி அளவு, செம்மண், எரு, முள்வேலிக் கூண்டு, மூன்று கோடைக்கு டிராக்டர் தண்ணீர், பட்ட கன்றுக்கு மறுநடவு என்று தனித்தனி ஐட்டமாகப் போட்டு, தொகையின் ஒரு பகுதியை மூன்றாம் ஆண்டில் உயிரோடு இருக்கும் கன்றுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கொடுக்கும்படி எழுதினோம். புளி, வேம்பு, புங்கன், இலுப்பை, நாவல் என்று இந்த மண்ணுக்கு ஏற்றவை. மின்கம்பி போகும் பக்கம் உயரம் குறைந்தவை. தேவாங்கு கடக்கும் இடத்தில் மட்டும் நெருக்கமாக, இருபுறமும் எதிரெதிரே. கன்றுகளின் பட்டியலும் இடமும், முடிந்த சாலையின் லெவல்களும், ஒவ்வொரு பாலத்தின் அடிமட்டமும் சேர்த்த ஒரு பிரதியை ஊராட்சி அலுவலகத்திலும், இன்னொன்றை நீர்வளத் துறையிலும், மூன்றாவதை வனச்சரக அலுவலகத்திலும் கொடுக்க வேண்டும் என்பதையும் கடைசி ஐட்டமாக, அதற்கும் ஒரு விலை போட்டு, சேர்த்திருக்கிறோம்.